சீட்டில எழுதினதுதான் வரும்: ஒரு ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பின் வரலாறு

சின்ன வயசில நான் போய்வந்த ஒரு நூலகத்தில, பழைய புத்தகங்கள் எல்லாம் தனி அறையொன்றுக்குள்ள இருக்கும். அதுக்குள்ள எங்கள விடமாட்டாங்க. ஒரு சீட்டில புத்தகத்தின்ர பேரை எழுதிக் குடுக்கணும். மேசையில இருக்கிற ஐயா அட்டைப் பெட்டியைக் கிளறிப் பார்த்திட்டு, உள்ள போய் எடுத்து வருவார். ஒருநாள் 'படுவாங்கரை' எண்டு தொடங்கிற ஒரு பேரை எழுதிக் குடுத்தேன். இல்லை என்றார். அடுத்த கிழமை அவரே கூப்பிட்டு, புத்தகத்தைக் கையில தந்தார். அட்டையில 'படுவான்கரை' எண்டு கிடந்ததாம். சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "மனே, சீட்டில எழுதினதுதான் வரும்."

கலைப்பீடத்தில படிக்கிற நான் ஜாவாஸ்கிரிப்ட் பற்றி எழுத வந்ததுக்குக் காரணம் அந்த ஒரு வரிதான். போன வருசம் நாங்க நாலைந்து பேர் சேர்ந்து, மட்டக்களப்பு வாவியின்ர இரண்டு கரையையும் பற்றி வந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் செய்யத் தொடங்கினம். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' (1962), வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்றவை முதல் வரிசை. பட்டியல் வேர்ட்பிரசில இருந்தது. தேடலை மட்டும் நாங்களே எழுத வேண்டி வந்தது. அப்போதுதான் 'ஏபிஐ அழைப்பு' என்ற சொல் என் வாழ்க்கைக்குள்ள வந்தது.

ஏபிஐ என்றால் அந்தச் சீட்டு வழக்கம்தான். உள்ளே தரவு இருக்கிறது. நீங்கள் உள்ளே போக முடியாது. எப்படி எழுதிக் கேட்டால் எது கிடைக்கும் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. மனிதர் கேட்பதற்குப் பதிலாக, பக்கத்துக்குள் ஓடும் ஒரு நிரல் கேட்கிறது. ஆனால் இணையப் பக்கம் இப்படிக் கேட்கப் பழகியதற்குப் பல வருடங்கள் எடுத்தன.

பக்கம் முழுதும் வேண்டாம், பதில் மட்டும் போதும்

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே வருடம் மார்ச்சில் வார்ட் கன்னிங்காம் உலகின் முதல் விக்கியைத் திறந்திருந்தார். ஒன்று, பக்கத்தை அசைய வைக்கும் மொழி. மற்றது, யாரும் திருத்தக்கூடிய பக்கம். அன்றைக்கு இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் படிவத்தில் பிழை பார்க்கும், படத்தை மாற்றும். சேவையகத்திடம் புதிதாக ஒன்று கேட்க வேண்டுமென்றால் முழுப் பக்கத்தையும் திரும்ப இறக்க வேண்டும்.

அந்த நிலையை மாற்றியது ஒரு மின்னஞ்சல் வேலை. மைக்ரோசொஃப்டின் அவுட்லுக் அஞ்சலை உலாவிக்குள் கொண்டுவர முயன்றவர்கள், பின்னணியில் சத்தமில்லாமல் சேவையகத்தைக் கேட்கும் ஒரு கருவியைச் செய்தார்கள். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5உடன் அது வெளியே வந்தது. பல வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2004இல் ஜிமெயிலும் 2005 பெப்ரவரியில் கூகிள் மேப்சும் வந்த பிறகுதான், பக்கம் அசையாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுவதை உலகம் வாய் பிளந்து பார்த்தது. அதே பெப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் இந்த முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

அடுத்து நடந்தது எனக்கு மிகப் பிடித்த கதை. 2005 ஏப்ரலில் பால் ராடெமேக்கர் என்ற நிரலாளர், வாடகை வீட்டு விளம்பரங்களை கூகிள் வரைபடத்தின் மேல் ஒட்டிக் காட்டினார். அப்போது கூகிள் அதற்கு எந்த ஏபிஐயும் தந்திருக்கவில்லை. அவராகவே உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் செய்தார். இரண்டு மாதம் கழித்து, ஜூனில், கூகிள் அதிகாரபூர்வ ஏபிஐயை வெளியிட்டது. முதலில் யாரோ ஒருவர் வேலியால் எட்டிப் பார்க்கிறார், பிறகுதான் அந்த இடத்தில் படலை வைக்கிறார்கள்.

எங்கட 2005

அந்த 2005 எங்களுக்கு எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 கடல் கல்லடியையும் நாவலடியையும் அள்ளிப்போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் 1978 நவம்பர் 23 சூறாவளி. வீடே போன இடத்தில் அலமாரி எங்கே மிஞ்சும்? வடக்கில் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. தண்ணீரும் காற்றும் நெருப்பும் மாறி மாறி வந்த தேசத்தில், அதே 2005இல் நூலகத் திட்டம் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வருடி இணையத்தில் வைக்கும் அந்த வேலை நூலக நிறுவனமாக வளர்ந்தது. அதன் தளம் மீடியாவிக்கியில் நிற்கிறது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நிற்பதும் அதே மென்பொருளில்தான்.

மீடியாவிக்கி ஓர் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். எழுதுபவர், திருத்துபவர், பழைய பதிப்பு, பகுப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும். 2006இல் யூரி அஸ்ட்ராகான் அதற்கு ஏபிஐ எழுதினார். அதன்பின் ஒரு பகுப்பில் உள்ள கட்டுரைகளின் பெயர்களை மட்டும் கேட்கலாம், ஒரு கட்டுரையை யார் எப்போது திருத்தினார்கள் என்று மட்டும் கேட்கலாம். பதில் ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவத்தில் வரும். தலைப்பட்டி, படம், எழுத்துரு ஒன்றும் கூட வராது. டேட்டா முடியப்போகுதே எண்டு பயந்து பயந்து போன் பார்க்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருக்கிற யாரும் தனக்கென ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வைத்து, இந்த ஏபிஐயை அழைக்கும் சொந்தக் கருவி செய்துகொள்ளலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. வாசிக்க யாரும் கேட்கலாம். ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால், அந்த அமர்வுக்கென்று தரப்படும் ஓர் அடையாளச் சரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாசிக்கச் சீட்டு எல்லாருக்கும், அட்டைப் பெட்டிக்குள் புது அட்டை செருக அனுமதி உள்ளவருக்கு மட்டும்.

கதவு திறந்திருந்த நாட்கள்

வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. ஆனால் எல்லாத் தளத்திலும் கூடவே வரும் ரெஸ்ட் ஏபிஐக்கு அது நீண்ட காலம் எடுத்தது. 2015 டிசம்பரில் 4.4 பதிப்பில் அடித்தளம் வந்தது. 2016 டிசம்பரில் 4.7 பதிப்பில் பதிவுகள், பக்கங்கள், பயனர்கள் என எல்லாவற்றையும் கேட்கும் வழிகள் வந்தன.

அடுத்த மாதமே அடி விழுந்தது. ஒரு பதிவின் எண்ணோடு ஓர் எழுத்தை ஒட்டி அனுப்பினால், அனுமதி பார்க்கும் பகுதி 'அப்படியொரு பதிவு இல்லை' என்று விட்டுவிடும். பதிவை மாற்றும் பகுதியோ எழுத்தை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். யாரும் உள்நுழையாமலே பதிவைத் திருத்தலாம். 2017 ஜனவரி கடைசியில் 4.7.2 வெளியாகி ஓட்டை அடைக்கப்பட்டது. அதை உடனே நிறுவாத தளங்களில் இலட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

இந்தக் கதையைப் படித்த பிறகு எங்கட சொந்த வழியை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது உண்மை. வேர்ட்பிரசில் தனிப்பயன் அழைப்பு ஒன்று செய்ய நாலு விசயம் சொன்னால் போதும்: எந்த முகவரி, வாசிப்பா எழுத்தா, எந்தச் செயல்கூறு பதில் சொல்லும், யாருக்கு அனுமதி. நாலாவதைச் சொல்லாமல் விட்டால் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரசே எச்சரிக்கும். நாங்கள் தேடலை எல்லாருக்கும் திறந்தோம், சேர்ப்பதைக் குழுவுக்கு மட்டும் வைத்தோம்.

பிறகு தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து நூலாசிரியர் குறிப்பையும் எங்கட பக்கத்திலேயே காட்ட ஆசைப்பட்டோம். உலாவி மறித்தது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் பதிலை, அந்தத் தளம் சம்மதிக்காமல் வாசிக்கக்கூடாது என்பது பழைய பாதுகாப்பு விதி. மீடியாவிக்கி அந்தச் சம்மதத்தைத் தர ஆயத்தமாகத்தான் இருக்கிறது. கேள்வியில் 'ஒரிஜின்' என்று எழுதி அதற்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். அந்த ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது.

எட்டு எழுத்து, நூற்றியெட்டு எழுத்து

'மட்டக்களப்பு' என்பதில் நாம் எண்ணுவது 8 எழுத்து. யூனிகோட்டில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் 12 குறி. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. முகவரிக்குள் வைத்து அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். மொத்தம் 108. எங்கட ஊர்ப் பேர் ஒவ்வொரு அழைப்பிலும் இப்படி உருமாறிப் போய்த்தான், அந்தப் பக்கத்தில் திரும்ப ஊர்ப் பேராகிறது. இதைக் கருவிகள் பிழையில்லாமல் பார்த்துக்கொள்கின்றன. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவோ இரட்டைக் குறியாகவோ தட்டினாலும் மீடியாவிக்கி ஒன்றாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் 2015 முதல் அதற்கு வழி உண்டு.

கருவி பார்த்துக்கொள்ளாத இடம் ஒன்று இருந்தது. தளம் திறந்த அன்றைக்கு ஒரு தோழி முதல் ஆளாக 'விபுலானந்தர்' எண்டு தேடினாள். ஒன்றும் வரவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்து, 1930களில் சென்னையில் அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் முயற்சியில் முன்னின்ற மனிசர், எங்கட பட்டியலிலேயே இல்லை என்கிறது கணினி. நாங்கள் உள்ளே எழுதியிருந்தது 'விபுலாநந்தர்'. யூனிகோட்டில் ந, ன இரண்டுக்கும் அடுத்தடுத்த எண்கள். மனிசருக்கு ஒரே ஆள், நிரலுக்கு இரண்டு ஆள்.

விக்கிப்பீடியர்கள் இதற்கு 'வழிமாற்று' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரில் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கொடு என்று யாரோ ஒருவர் கையால் எழுதி வைக்கும் குறிப்பு. ஏபிஐ அழைப்பில் வழிமாற்றைப் பின்தொடரச் சொல்லலாம். ஆனால் அது முதலில் இருக்க வேண்டும். அதை எந்த நிரலும் தானாக ஊகித்து எழுதாது. பேச்சில் 'படுவாங்கரை' என்கிறவர் எழுத்தில் 'படுவான்கரை'யைத்தான் தேடுகிறார் என்று தெரிய, அந்தக் கரையின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே எங்கட தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியருக்கும் 'வேறு பெயர்கள்' என்று ஒரு பெட்டி சேர்த்தோம். தேடல் இரண்டு இடத்திலும் பார்க்கும். நிரல் வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. பெட்டியை நிரப்புவதுதான் இன்னும் முடியவில்லை. வந்தாறுமூலையில் விரிவுரை முடிந்து பஸ்சுக்கு நிற்கும் நேரமெல்லாம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்களிடம் "உங்கட அம்மம்மா இந்த ஊரை என்னெண்டு சொல்லுவா?" எண்டு கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.

சீட்டில எழுதினதுதான் வரும். ஐயா சொன்னது சரி. ஆனா அண்டைக்கு அவர் செய்தது வேற. சீட்டைத் தூக்கி எறியாம ஒரு கிழமை வச்சிருந்து, நான் என்ன கேட்க வந்தேன் எண்டு யோசிச்சிருக்கிறார்.