விற்குமுன் எதைத் திருத்துவது?

வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். கிடுகுக் கொட்டில்களில் காலம் கழித்தோர் பலருக்கு, உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டம் கல்வீடு கட்ட வழிசெய்தது. யுத்தம் 2009இல் முடிந்ததன் பின்னர் சொந்த ஊர் திரும்ப எண்ணுவோரை ஒரு கேள்வி வாட்டுகிறது: விற்கவிருக்கும் வீட்டில் மேலும் பணம் போடலாமா?

முதற் செலவு காணிப் பத்திரங்களுக்கே என்போம் நாம். உறுதியும் நில அளவை வரைபடமும் சீராக இல்லாவிடின், வங்கிக் கடன் பெற்று வாங்க வருபவர் விலகிவிடுவார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியாயின், பிரதேச செயலாளரின் சம்மதம் முன்கூட்டியே பெறப்படவேண்டும்.

அடுத்தவை கூரை ஒழுக்கும், உப்புக் காற்றில் கம்பி துருவேறி வெடித்த கொங்கிறீற்றும். துருவை அகற்றாது சாந்து பூசி மறைத்தால் வெடிப்பு மீண்டும் தலைகாட்டும். அதன்பின் வர்ணப்பூச்சும் வளவுத் துப்புரவும் போதும். இவற்றுக்குச் செலவு சிறிது, பலன் பெரிது.

புதிய அறையும் பளபளக்கும் தரையோடும் வாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தவை. அவற்றில் இட்ட பணம் முழுமையாகத் திரும்புவது அரிது. இடிந்து கிடக்கும் பூர்வீக வீட்டின் சுவரை எழுப்ப அப்பணம் உதவுவதே விவேகமாகும்.