கேள்வியின் கடைசிச் சொல்

எங்கள் விஞ்ஞான டீச்சர் தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது முதலில் விடையில் கை வைக்கமாட்டார். கேள்வியின் கடைசிச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் விடைக்கு வருவார். "உப்பளத்தில் உப்பு பெறப்படுவதை விளக்குக" என்ற கேள்விக்கு நான் ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். களப்பு நீர் வாய்க்காலால் வருவது, பாத்தியில் வெயிலுக்குக் காய்வது, உப்பை வாரிக் குவிப்பது, கிடுகால் மூடுவது எல்லாம் அதில் இருந்தன. பாலாவிப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? கிடைத்தது ஐந்துக்கு ஒன்று. "நீ விபரித்திருக்கிறாய் பிள்ளை, விளக்கவில்லை" என்றார். அன்று அழுதேன். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அறிய ஆசை பிறந்ததும் அன்றுதான்.

வினாத்தாளில் வரும் 'விளக்குக', 'தருக', 'ஒப்பிடுக' ஆகியவற்றின் இறுதியில் நிற்கும் 'க' மிகப் பழையது. தமிழ் இலக்கணம் இதனை வியங்கோள் என்கிறது. வாழ்த்தவும், வையவும், விதிக்கவும், வேண்டவும் இந்த வடிவம் பயன்படும். வடிவம் பழையதானாலும் அதற்கு விஞ்ஞானப் பரீட்சையில் வேலை கிடைத்தது அண்மையில்தான். 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்தது முதல், உயர்ந்த கல்விக்கும் உத்தியோகத்துக்கும் வாசல் ஆங்கிலமாகவே இருந்தது. கேள்வியும் ஆங்கிலம், கட்டளையும் ஆங்கிலம்.

ஆனாலும் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லமுடியும் என்பதற்கு அதற்கு முன்பே சான்று இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் உழைத்ததன் பயனாக 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடினார்கள்; கிடைக்காதபோது வடமொழியிலும் ஆங்கிலத்திலும் கடன் வாங்கினார்கள். 'கெமிஸ்தம்' என்ற பெயரே அந்தக் கடனுக்குச் சாட்சி. இன்று அதனை நாம் இரசாயனவியல் என்கிறோம், தமிழ்நாட்டார் வேதியியல் என்கிறார்கள்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானது. 1950களில் அது இடைநிலை வகுப்புகளுக்கு ஏறியது. கலைப் பாடங்கள் முன்னே போக, விஞ்ஞானம் பின்னால் வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. ஒட்சிசன், கரைதிறன், செறிவு என்று நாம் மனனம் செய்த சொற்களுக்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. ஆனால் கலைச்சொல் தொகுதி பொருள்களின் பெயர்களைத்தான் தரும். 'துணிக' என்றால் என்ன செய்யவேண்டும், 'உய்த்தறிக' என்றால் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை வகுப்பறையில் ஆசிரியர்கள்தான் கற்பித்தார்கள். 1972 கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை எல்லாருக்கும் உரியதாக்கியது. அதனால் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்டவர்களின் வாய் அடைந்தது.

என் காலத்தில் இந்தச் சொற்களுக்கு இன்னொரு பெறுமதியும் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பக்கங்களில் தஞ்சம் புகுந்தன. கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் இல்லை, ரியூசனும் இல்லை. வினாத்தாள் மட்டும் கொழும்புப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் ஒன்றே. அந்தத் தாள் என்ன கேட்கிறது என்று அறிந்துகொள்ளக் காசு தேவைப்படவில்லை.

அதை டீச்சர் நம் ஊர் உப்பைக் கொண்டே கற்பித்தார். 'குறிப்பிடுக' என்றால் சோடியம் குளோரைட்டு என்று எழுதிவிட்டு நிறுத்து. 'விபரிக்குக' என்றால் நீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செல்வதை ஒழுங்காகச் சொல். 'விளக்குக' என்றால் ஏன் என்பதும் வரவேண்டும்: நீர் ஆவியாகச் செறிவு கூடுகிறது, கரைதிறன் குறைந்த கல்சியம் காபனேற்று முதலில் படிகிறது, அடுத்து கல்சியம் சல்பேற்று, அதன் பிறகே கறியுப்பு. 'வேறுபடுத்துக' என்றால் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதாதே, இரண்டையும் ஒரே அளவுகோலில் வை. 'எதிர்வுகூறுக' என்றால் உப்பு வாருவதற்கு முதல்நாள் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசி. 'உய்த்தறிக' என்றால் தந்த தரவிலிருந்து முடிவுக்கு வா: குவித்த உப்பு சில மாதம் கிடந்த பின் கசப்புக் குறைகிறது என்றால், ஈரத்தை உறிஞ்சி வடிந்துபோனது மகனீசியம் உப்பு.

இதில் தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலக் கேள்வியில் கட்டளை பெரும்பாலும் முதல் சொல்லாக நிற்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். 'உப்பளம்' என்று கண்டவுடனே தெரிந்ததெல்லாம் கையில் ஓடத் தொடங்குகிறது; 'விளக்குக' வரும்வரை கண் பொறுப்பதில்லை. டீச்சரின் சிவப்புக் கோடு ஏன் எப்போதும் கடைசிச் சொல்லின் கீழ் விழுந்தது என்பது, மருத்துவ பீடத்தில் ஆங்கில வினாத்தாளைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இன்று வாட்டில் பயிற்சி மருத்துவர்களிடம், "நோயாளியின் வலியை விபரியுங்கள்" என்பேன். பலர் உடனே காரணத்தைச் சொல்வார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டு முடியுமுன் சொல்லும் காரணம் ஊகம். பரீட்சையில் அதற்கு இழப்பு நான்கு புள்ளி. வாட்டில் இழப்பு வேறு.

இங்கிலாந்தின் பரீட்சைச் சபைகள் தங்கள் கட்டளைச் சொற்களையும் அவற்றின் பொருளையும் பட்டியலாக வெளியிடுகின்றன. அங்கே பிள்ளை வளர்க்கும் நம் சகோதரிகளுக்கு அது தெரிந்திருக்கும். இங்கே தமிழில் எழுதும் நம் தங்கையருக்கும் அப்படியொரு பக்கம் ஒவ்வொரு விஞ்ஞான வகுப்பறைச் சுவரிலும் இருக்கவேண்டும். நூற்றாண்டு நினைவாகப் பழைய மாணவிகள் சங்கம் செய்யக்கூடியவற்றுள் செலவு குறைந்தது இதுவாகத்தான் இருக்கும். சொற்களைத் தொகுக்க நான் ஆயத்தம். உதாரணங்களுக்கு உப்பளம் அங்கேயே இருக்கிறது.

வியங்கோள் கட்டளைக்கு மட்டுமன்றி வாழ்த்துக்கும் உரியது என்றேன். அந்த உரிமையோடு முடிக்கிறேன்: நம் பாடசாலை வாழ்க.