சர்வர் அறை யாருக்குச் சொந்தம்?

சொந்த வீடு நல்லதா, வாடகை வீடு நல்லதா? பட்டிமன்ற மேடைகள் அலசித் தீர்த்த தலைப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கின் நடுத்தர நிறுவனங்களுக்குள், கணினி அறையை மையமாக வைத்து, இதே வழக்கு கால் நூற்றாண்டாக நடக்கிறது. வாதியும் பிரதிவாதியும் மாறி மாறி வந்துவிட்டார்கள். தீர்ப்புதான் வந்தபாடில்லை.

நடுத்தர நிறுவனம் என்றால் எது? மலேசிய அரசு 2014 முதல் கையாளும் கணக்குப்படி, உற்பத்தித் துறையில் 75 முதல் 200 பேர் வரை வேலை செய்யும் நிறுவனம். அல்லது ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரிங்கிட்டில் இருந்து ஐந்து கோடி ரிங்கிட் வரை உள்ள நிறுவனம். கிள்ளானில் பிளாஸ்டிக், உணவுப் பொருள், மரச்சாமான் செய்கிறவர்களில் பலர் இந்த வரிசையில் வருவார்கள். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மாதச் சம்பளம் இங்கிருந்துதான் வருகிறது.

இதை ஏதோ கணினிக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் தொழிலாளியின் கைக்குச் சம்பளம் போயாக வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இபிஎஃப் சந்தா கட்ட வேண்டும். சம்பளப் பட்டியல் இருக்கும் கணினி படுத்துவிட்டது என்பதற்காக இந்தத் தேதிகள் தள்ளிப்போகா.

மலேசியாவின் முதல் கணினி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1966-இல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்த ஐபிஎம் 1401. அந்த வாரியத்தின் வாரிசான தெனாகா நேஷனலின் தலைமையகம், பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் இருக்கிறது. 1401 வகை இயந்திரத்தின் நினைவகத்தில் அதிகபட்சம் 16,000 எழுத்துகள் நிற்கும். ஒரு நாளிதழின் ஒரு முழுப் பக்கத்தைக் கொட்டினாலே நிரம்பி வழிந்துவிடும்! ஆனால் அக்காலக் கணினியின் விலை யானை விலை. ஆகவே ஒரே இயந்திரத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு முழு இயந்திரம் இருப்பதுபோல் தோன்றச் செய்யும் வித்தையை ஐபிஎம் 1960-களில் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று வெர்ச்சுவலைசேஷன் என்றும், தமிழில் மெய்நிகராக்கம் என்றும் சொல்லப்படுவது இதுதான். புதுமை என்று விற்கப்பட்ட சரக்குக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நடுவில் அது மறக்கப்பட்டதற்குக் காரணம், கணினி மலிவானது. 1990-களில் மேசைக் கணினியின் அண்ணன் போன்ற சிறு சர்வர்கள் வந்தன. கணக்கு எழுத ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. ஒன்றிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு மல்லுக்கு நிற்கும். மென்பொருள் விற்றவரும் 'எங்கள் மென்பொருளுக்குத் தனி சர்வர் வேண்டும்' என்றுதான் சொன்னார். 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் பற்றிய பயம் வேறு. விளைவு, நாலு சர்வர் இருந்த அறையில் பத்து சர்வர் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தன் திறனில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்திவிட்டு, மீதி நேரம் மின்சாரம் தின்றுகொண்டு சும்மா இருந்தது. அறையைக் குளிரவைக்கும் ஏர்கோனுக்குத்தான் ஓய்வே இல்லை.

அந்த நேரம் பார்த்து ரிங்கிட் சரிந்தது. 1997-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் கொடுத்தால் போதும். 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டிவைக்கப்பட்டது. 2005 ஜூலை வரை அதே விலை. வெளிநாட்டிலிருந்து வரும் சர்வருக்குக் கொடுக்கும் விலை பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம், 1999-இல் சைபர்ஜெயா திறப்பு என்று நாடே கணினிமயம் பற்றிப் பேசியது. மறுபக்கம், கிள்ளானில் தொழிற்சாலை நடத்துகிறவர் பழைய சர்வரை இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா என்று கணக்குப் போட்டார்.

நூறு வீடும் ஒரே மாடியும்

அமெரிக்காவில் 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் பழைய ஐபிஎம் வித்தையைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது. சர்வர்களுக்கான அதன் மென்பொருள் 2001-இல் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் சர்வரை, நிறுத்தாமலேயே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் வசதி 2003-இல் சேர்ந்தது. இன்டெல் நிறுவனமே 2005 முதல் தன் சில்லுகளில் இதற்கு இடம் கொடுத்தது.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரயில்வேயிலும் அரசாங்கத்திலும் வேலை செய்தவர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்ற வரிசை வீடுகள் அங்கே கட்டப்பட்டன. குடும்பத்துக்கு ஒரு வாசல், ஒரு கூரை. 2010-களில் அவை இடிக்கப்பட்டன. சுற்றிலும் எழுந்தவை அடுக்குமாடிகள். அதே நிலத்தில் பல மடங்கு குடும்பங்கள். தண்ணீர்த் தொட்டியும் லிஃப்டும் பொது. ஆனால் உள்ளே போனால் அவரவர் வீடு, அவரவர் பூட்டு. சர்வர் அறையிலும் நடந்தது இதுவே. பத்துப் பெட்டிகள் போய் மூன்று பெரிய பெட்டிகள் வந்தன. பத்து சர்வர்களும் அந்த மூன்றுக்குள் 'குடித்தனம்' இருந்தன. மூன்றில் ஒன்று பழுதானால் அதிலிருந்த குடித்தனங்கள் மற்ற இரண்டில் எழுந்துகொள்ளும். 2009-இல் விஎம்வேர் சிறு நிறுவனங்களுக்கென்று ஒரு மலிவுப் பொதி விற்கத் தொடங்கியது. அதன் அளவும் மூன்று சர்வர்தான்.

மாற்றும் வேலையில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பழைய சர்வரின் முழு வயிற்றையும் அப்படியே எடுத்து ஒரு கோப்பாக ஆக்கிவிடலாம். இயந்திரம் செத்துப்போனாலும் அதன் உயிர் புதுப் பெட்டிக்குள் ஓடும். எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்றே தெரியாத பழைய கணக்கு மென்பொருளுக்கு இது மறுபிறவி. ஆனால் இங்கேதான் வினையும் ஒளிந்திருந்தது. விண்டோஸ் சர்வர் 2003-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2015 ஜூலை 14-உடன் நிறுத்தியது. இயந்திரம் பழுதாவதால் கட்டாயமாக நடந்திருக்க வேண்டிய மாற்றம், மெய்நிகராக்கம் இருந்த இடங்களில் நடக்காமல் தள்ளிப்போனது. நோய் தீரவில்லை, நோயாளிக்குப் புதுச் சட்டை போட்டார்கள்.

அடுத்து வந்தது 'பிரைவேட் கிளவுட்'. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-இல் இதற்கு இலக்கணம் வகுத்தது. பயனர் யாரையும் கேட்காமல் தானே ஒரு சர்வரை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். எவ்வளவு பயன்படுத்தினார் என்று அளக்கப்பட வேண்டும். தேவைக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டும். அத்தனையும் ஒரே நிறுவனத்துக்காக மட்டும் இயங்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால், 150 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இதில் பாதி தேவையே இல்லை. அங்கே புது சர்வர் கேட்கும் ஆளும், கொடுக்கும் ஆளும், பழுது பார்க்கும் ஆளும் ஒருவரே! மெய்நிகராக்கத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டி விற்றவர்களும் இருந்தார்கள்.

ஆனாலும் சொந்த வீட்டுக் கட்சிக்கு வலுவான வாதம் ஒன்று இருந்தது. அமேசானின் வாடகைக் கணினிகள் 2010-இல் சிங்கப்பூர் வரை வந்துவிட்டன. ஆனால் மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தபோது, வாடிக்கையாளர் விவரங்களை எல்லை தாண்டி அனுப்பக் கட்டுப்பாடுகள் வந்தன. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைவிட, மாடிப்படிக்குக் கீழே இருப்பது நிம்மதி என்று பல முதலாளிகள் நினைத்ததில் தவறில்லை.

வெள்ளம் வந்த நாள்

2021 டிசம்பர் 18. கிள்ளான் பள்ளத்தாக்கை மறக்க முடியாத வெள்ளம் மூழ்கடித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அந்த ஆண்டின் இறுதி வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. உற்பத்தித் துறைக்கு மட்டும் ஏறக்குறைய 90 கோடி.

தரைத்தளத்தில் சர்வர் அறை வைத்திருந்தால் மெய்நிகராக்கம் காப்பாற்றாது. மூன்று பெட்டிகளும் ஒரே அறையில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே நனையும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்ற ஏற்பாடு பெட்டி பழுதாவதற்குத்தான் மருந்து, ஆற்றுக்கு அல்ல. மாறாக, சர்வரே ஒரு கோப்பாக இருப்பதால், அதன் நகலை ஒவ்வோர் இரவும் சைபர்ஜெயாவிலோ கோலாலம்பூரிலோ உள்ள தரவு மையத்துக்கு அனுப்பிவைக்கலாம். அப்படி அனுப்பி வைத்த நிறுவனத்துக்கு, தண்ணீர் வடியும் முன்பே சம்பளப் பட்டியலை வேறோர் இடத்தில் திறக்க வழி உண்டு. இந்த நகலுக்கு ஆகும் மாதச் செலவைத்தான் பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டுவார்கள்.

வெள்ளம் போன பிறகு, சொந்த வீட்டுக் கட்சிக்கு எதிர்பாராத திசையிலிருந்து அடி விழுந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் ஏறக்குறைய 6,900 கோடி டாலர் மதிப்பில் விஎம்வேரை வாங்கி முடித்தது. ஒரு முறை காசு கொடுத்து என்றென்றும் வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான். சிறு நிறுவனங்களுக்கான பொதியும் 2024-இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. பெட்டி சொந்தம், அறை சொந்தம், மின்சாரக் கட்டணமும் சொந்தம். ஆனால் பெட்டிக்குள் குடித்தனங்களைத் தாங்கும் தளத்துக்கு மட்டும் வாடகை!

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 2011-இல் விஎம்வேர் தன் உரிமத்தை நினைவக அளவோடு முடிச்சுப் போட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. அன்றே புரிந்திருக்க வேண்டும். பெட்டி விற்பவரின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள், மென்பொருள் விற்பவரின் பிடிக்குள் போயிருந்தார்கள்.

இதில் மலேசியர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பிராட்காமின் தலைவர் ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி, 1983 முதல் 1988 வரை மலேசியாவில் ஹியூம் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தை நிர்வாக இயக்குநராக நடத்தியவர். உள்ளூர்த் தொழிற்சாலையின் வரவு செலவை நன்கு அறிந்த ஒருவரின் முடிவுதான் உள்ளூர்த் தொழிற்சாலைகளின் செலவுக் கணக்கைத் தலைகீழாக்கியது.

வாடகைக் கட்சியும் சும்மா இருக்கவில்லை. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் தரவு மையங்களைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. எல்லை தாண்டும் பயம் பாதி குறைந்தது. ஆனால் மாதாமாதம் டாலர் கணக்கில் ஓடும் மீட்டரைப் பார்த்து, 1998-ஐ நினைவு வைத்திருக்கும் கணக்காளர்கள் தயங்குகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. 2007-இல் லினக்ஸின் கருவிலேயே கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் சேர்க்கப்பட்டுவிட்டது. அதன்மேல் கட்டப்பட்ட ஆஸ்திரியாவின் பிராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் இருக்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆதரவு வேண்டுமென்றால் சந்தா உண்டு. சர்வர்கள் ஏற்கெனவே கோப்புகளாகத்தானே இருக்கின்றன, ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். வாரக் கடைசியில் ஒன்றிரண்டாக மாற்றுவது வழக்கம். முதலில் அச்சு சர்வர், பிறகு கோப்பு சர்வர். சம்பள சர்வர் கடைசியில், அதுவும் 15-ஆம் தேதி தாண்டிய பிறகுதான்.