ஓடு: குயவர் தந்த கூரை

ஆமையின் முதுகில் இருப்பது ஓடு. முட்டைக்கு ஓடு, விளாம்பழத்துக்கு ஓடு, நம் தலைக்குள் மண்டையோடு. ஆண்டி ஏந்துவது திருவோடு. பானை உடைந்து சிதறினால் அந்தத் துண்டும் ஓடுதான். பிள்ளைகள் பாண்டி ஆடப் பொறுக்கும் ஓட்டாஞ்சில்லு அது. வீட்டுக் கூரையின் ஓடு இவற்றில் எதிலிருந்து பெயர் பெற்றது? மேலே மூடுவதாலா, சுட்ட மண் சில்லாக இருப்பதாலா?

சேலம், நாமக்கல் பக்கம் விடை தேடுவது எளிது. தெலுங்கும் கன்னடமும் இங்கே பல குடும்பங்களின் வீட்டுமொழி. தெலுங்கில் கூரை ஓடு ‘பெங்கு’. உடைந்த பானைத் துண்டும் பெங்குதான். கன்னடத்தில் ‘ஹஞ்சு’, அதற்கும் இதே இரு பொருள். ஓடு என்ற சொல்லுக்கு இவை உறவில்லை. இருந்தும் மூன்று மொழியும் கூரையையும் சில்லையும் ஒரே பெயரால் அழைக்கின்றன. ஆங்கில ‘டைல்’ லத்தீன் ‘தேகுலா’வின் வழிவந்தது, மூடுதல் என்ற வினை அதன் வேர். லத்தீன் பேசியவர்கள் வேலையைப் பார்த்துப் பெயரிட்டார்கள், நாம் மண்ணைப் பார்த்து. கூரை ஓட்டைக் குயவரின் பொருளாகவே நம் மக்கள் கண்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாட்டு ஓட்டின் செய்முறையே அதற்குச் சாட்சி. ஏரி வண்டலைக் குழைத்துச் சக்கரத்தில் குழாயாக வனைந்து, சற்று உலர்ந்ததும் நீளவாக்கில் இரண்டாக அறுத்துச் சூளையில் வைப்பார்கள். கூரையில் ஒரு வரிசை மல்லாந்து, அடுத்தது கவிழ்ந்து கிடக்கும். ஆணி கிடையாது. பழங்காலக் குடியிருப்பான கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த ஓடுகளில் நீர் வடியப் பள்ளமும் கட்டுவதற்குத் துளையும் உண்டு. ஓடு செய்யும் தொழில் அவ்வளவு பழையது.

சீமை ஓடு பிறகு வந்தது. ஜெர்மானியரான ஜார்ஜ் பிளெப்ஸ்ட் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்புக்காக 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கினார். ஓடு சக்கரத்தை விட்டு அச்சுக்குப் போனது. கொங்குப் பேச்சில் தட்டையான இந்த ஓடு ‘வில்லை’. வீடு ‘வில்லை வீடு’. குயவர் கை விலகிய பிறகும் ‘ஓடு’ என்ற பெயர் போகவில்லை. ஆனால் பளபளக்கும் டைல்ஸைப் பேச்சில் பெரும்பாலும் ஓடு என்று சொல்வதில்லை.

பழுது பார்ப்பதிலும் நாட்டு ஓடும் வில்லையும் வேறு. நாட்டு ஓட்டைப் பூனையும் குரங்கும் காற்றும் நகர்த்திவிடும். மழைக்கு முன் பிரித்து, குப்பை தட்டி, உடைந்ததை நீக்கி மறுபடி அடுக்க வேண்டும். ‘ஓடு மாத்தறது’ என்றால் இதுதான். ஓடு வேய்வதைப் பேச்சில் மேய்தல் என்பார்கள். வில்லையில் ஒன்று விரிசல் விட்டால் மேல்வரிசையை மெல்லத் தூக்கி, ரீப்பர் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கும் கொக்கியை விடுவித்து, அதை மட்டும் உருவினால் போதும். விரிசலில் சிமெண்ட் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். வெயிலில் ஓடும் மரமும் அசையும், சிமெண்ட் அசையாது. அடுத்த கோடையில் பக்கத்து ஓட்டையும் சேர்த்து உடைக்கும். முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. உடைந்த ஓட்டின் சில்லுகளை அந்தக் காரைக்குள் வைத்தே இடுக்கை அடைக்கலாம்.

மாற்று ஓடு கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தொழிற்சாலையின் வில்லைக்கும் வரிப்பள்ளம் சற்று மாறும். புதியது பழையதோடு கவ்வாமல் நிற்கும், இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதனால் கழற்றிய ஓட்டைக் கையோடு கொண்டுபோய், வீடு இடித்த சாமான் விற்கும் இடத்தில் பொருத்திப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்ட வேண்டும். கணீரென்றால் எடுக்கலாம், மொத்தென்றால் உள்ளே கீறல். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் செய்யும் அதே சோதனை.