மாசம் 250 டாலர், 38 சீசன், 1098 வெற்றி: பாட் சம்மிட் ஒரு டீமைக் கட்டின கதை

விளையாட்டுக் கதைன்னாலே கடைசி பந்து, கடைசி நிமிஷம், கோப்பைன்னு போயிடுவோம். இன்னைக்கு நான் பேசப்போறது அதுக்கு முன்னாடி நடக்குற வேலையைப் பத்தி. டீம்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு, பணம் இல்ல, பார்க்க ஆள் இல்ல, ஜெர்சி துவைக்கக்கூட ஆள் இல்ல. அங்கேர்ந்து ஒருத்தர் அதை எப்படிக் கட்டி எழுப்புறாங்க? அமெரிக்காவுல டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து டீமோட கோச் பாட் சம்மிட் கதை இது.

நான் காட்டேரிக்குப்பத்துக்காரன். எங்க கொம்யூன் பக்கம் சாயங்காலம் எந்தத் திடலுக்குப் போனாலும் கிரிக்கெட், வாலிபால், கபடின்னு ஏதாவது ஒண்ணு நடந்துட்டு இருக்கும். ஆடுறவங்க பெரும்பாலும் பசங்க. அதே வயசுப் பொண்ணுங்க அந்த நேரத்துல எங்க இருக்காங்கன்னு யாரும் கேட்கிறதில்ல. அதனாலதான் எங்கேயோ இருக்கிற டென்னசி கதை நமக்கும் தேவைன்னு தோணுச்சு.

வீடு மாத்தின அப்பா

1952 ஜூன் 14. டென்னசி மாநிலம், கிளார்க்ஸ்வில். பாட்ரிசியா ஹெட்னு ஒரு பொண்ணு பிறக்குது. விவசாயக் குடும்பம். மாடு கறக்கணும், புகையிலை வெட்டணும், வைக்கோல் கட்டணும். அவங்களுக்கு முன்னாடி மூணு அண்ணனுங்க. ராத்திரி வேலை எல்லாம் முடிஞ்சதும் வைக்கோல் பரண்ல ஒரு வளையத்தை மாட்டி, அண்ணனுங்களோட ஆட்டம். தங்கச்சின்னு விட்டுக்கொடுக்கிற வேலையெல்லாம் அங்க கிடையாது.

ஹைஸ்கூல் போற வயசு வந்தப்போ ஒரு சிக்கல். அவங்க போகவேண்டிய ஸ்கூல்ல பெண்கள் டீமே இல்ல. அப்பா ரிச்சர்ட் ஹெட் ரொம்ப கண்டிப்பான மனுஷன், பாராட்டெல்லாம் வாயில வராது. ஆனா அவர் செஞ்ச காரியம் என்ன தெரியுமா? பொண்ணு ஆடணும்னு குடும்பத்தையே பக்கத்து மாவட்டமான சீத்தம் கவுண்டியில ஹென்ரியெட்டாங்கிற ஊருக்கு மாத்திட்டார். நம்ம ஊர்ல பிள்ளைங்க படிப்புக்காக கிராமத்தை விட்டு டவுனுக்கு வீடு மாத்துறது சகஜம். பொண்ணு பந்து ஆடணும்னு வீடு மாத்தின அப்பாவை நான் இன்னும் பார்க்கல.

அடுத்து காலேஜ். அண்ணனுங்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைச்சுது. பாட் அதே அளவுக்கு ஆடினாலும், அப்போ பெண்களுக்கு அப்படி ஒரு ஸ்காலர்ஷிப்பே அங்க இல்ல. அப்பா, அம்மா காசு கட்டித்தான் மார்ட்டின்ங்கிற ஊர்ல இருக்கிற டென்னசி பல்கலைக்கழகக் கிளையில படிச்சாங்க.

பாதிக் கோர்ட்

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். 1891 டிசம்பர்ல ஸ்பிரிங்ஃபீல்டுல ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடிக்கிறார். சில மாசத்துலயே பக்கத்துல இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியோட உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அந்த ஆட்டத்தைத் தன்னோட மாணவிகளுக்குக் கொண்டு வர்றாங்க. 1893 மார்ச்ல அங்க முதல் வருஷ மாணவிகளுக்கும் இரண்டாம் வருஷ மாணவிகளுக்கும் மேட்ச். ஆம்பளைங்களுக்கு உள்ள அனுமதி இல்ல.

ஆனா பெரன்சன் விதிகளை மாத்தினாங்க. கோர்ட்டை மூணு பகுதியா பிரிச்சு, அவங்கவங்க பகுதியை விட்டு வெளிய வரக்கூடாதுன்னாங்க. எதிராளி கையிலேர்ந்து பந்தைப் பிடுங்கக்கூடாது. பொண்ணுங்க உடம்பு இவ்வளவுதான் தாங்கும்னு அந்தக் காலம் நம்புச்சு. அந்த நம்பிக்கைக்குள்ள நின்னுதான் பெரன்சன் பொண்ணுங்களுக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்தாங்க.

பிரச்சனை என்னன்னா, அந்த ஏற்பாட்டோட வாரிசு எழுபது, எண்பது வருஷம் கழிச்சும் டென்னசி ஹைஸ்கூல்கள்ல உயிரோட இருந்துச்சு. டீமுக்கு ஆறு பேர். மூணு பேர் ஒரு பாதியில நின்னு அட்டாக் மட்டும், மூணு பேர் அடுத்த பாதியில நின்னு டிஃபென்ஸ் மட்டும். நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பாட் கூட ஸ்கூல்ல இப்படித்தான் ஆடினாங்க. காலேஜ்ல ஐஞ்சு பேர், முழு கோர்ட். அப்போ ஸ்கூல்லேர்ந்து வர்ற பொண்ணுக்கு ஒண்ணு ஷூட் பண்ணத் தெரியாது, இல்லன்னா டிஃபென்ட் பண்ணத் தெரியாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கோச்சும் அவங்கதான், டிரைவரும் அவங்கதான்

1972 ஜூன் 23. அமெரிக்காவுல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வருது. மத்திய அரசு காசு வாங்குற எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில பாகுபாடு காட்டக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதுல விளையாட்டுங்கிற வார்த்தையே இல்ல. ஆனா விளைவு? 1971-72ல ஹைஸ்கூல் விளையாட்டுல இருந்த பொண்ணுங்க சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம். 1978ல 20 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ள போய் லைட்டைப் போட ஒரு ஆள் வேணும். 1974ல நாக்ஸ்வில்ல இருக்கிற டென்னசி பல்கலைக்கழகத்துக்கு உதவி கோச்சாவும் முதுகலை மாணவியாவும் வர்றாங்க பாட். வயசு 22. அப்போ இருந்த கோச் லீவுல போயிட, வந்து இறங்குறதுக்குள்ள இவங்கதான் ஹெட் கோச். சம்பளம் மாசம் 250 டாலர். டீம்ல சில பேர் இவங்களை விட ஒரே ஒரு வயசுதான் சின்னவங்க.

வேலைப் பட்டியலைப் பாருங்க. கோச்சிங் பண்ணணும். டீம் வேனை ஓட்டணும். ஜெர்சி துவைக்கணும். அந்த ஜெர்சியே முந்தின வருஷம் டோநட் வித்த காசுல வாங்கினது. வெளியூர் மேட்சுக்கு ஒருமுறை ஹோட்டல் இல்லாம, எதிர் டீமோட ஜிம்லயே பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. இது போக முதுகலைப் படிப்பு, உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறது, அதுக்கும் மேல முழங்கால் அடிபட்டதைச் சரி பண்ணி ஒலிம்பிக்ஸுக்குத் தன்னைத் தயார் பண்றது. ஸ்டார்ட்அப்ல வேலை பார்த்தவங்களுக்கு இது புரியும். முதல் ஆள்தான் கோடும் எழுதுவார், கஸ்டமர் கேர் போனையும் எடுப்பார்.

முதல் மேட்ச் 1974 டிசம்பர் 7, மெர்சர் பல்கலைக்கழகத்தோட. 84-83. ஒரே பாயின்ட்ல தோல்வி. முதல் வெற்றி ஒரு மாசம் கழிச்சு, ஜனவரி 10 அன்னைக்கு. சீசன் முடிவுல 16 வெற்றி, 8 தோல்வி. அதுக்கப்புறம் 38 சீசன்ல ஒரு சீசன்ல கூட தோல்வி அதிகமாகல.

1976 மான்ட்ரியல். பெண்கள் கூடைப்பந்து முதல் தடவையா ஒலிம்பிக்ஸ்ல. அமெரிக்க டீமோட இணை கேப்டன் இவங்கதான். வெள்ளிப் பதக்கம். எட்டு வருஷம் கழிச்சு 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல அதே டீமுக்கு கோச். தங்கம்.

டீம் வேற, ப்ரோக்ராம் வேற

இங்கதான் இந்தக் கதை எனக்கு சுவாரசியமாகுது. நல்ல டீமை ஒரு வருஷம் அமைச்சிடலாம். வருஷா வருஷம் பழைய ஆளுங்க டிகிரி முடிச்சுட்டுப் போயிடுவாங்க, புது ஆளுங்க வருவாங்க, ஆனாலும் தரம் குறையக்கூடாது. அதைத்தான் அங்க ப்ரோக்ராம்னு சொல்றாங்க. சம்மிட் என்னென்ன செஞ்சாங்க?

முதல்ல, ஆள் வர்ற வழியைச் சரி பண்ணாங்க. அந்தப் பாதிக் கோர்ட் ஆட்டம் ஞாபகம் இருக்கா? சொந்த மாநிலத்துப் பொண்ணுங்க காலேஜ் ஆட்டத்துக்குத் தயாராகாம வர்றாங்கன்னு வெளிப்படையா எதிர்த்துப் பேசினாங்க. 1979-80 சீசன்லேர்ந்து டென்னசி ஹைஸ்கூல்கள் ஐஞ்சு பேர் ஆட்டத்துக்கு மாறிடுச்சு.

அடுத்தது படிப்பு. கிளாஸை கட் அடிக்கக்கூடாது. அடிச்சா மேட்ச் கிடையாது. வகுப்புல முதல் மூணு வரிசையிலதான் உட்காரணும். முழுக்காலமும் அவங்ககிட்ட ஆடி முடிச்ச அத்தனை பேரும் பட்டம் வாங்கினாங்க. 1098 வெற்றியை விட இந்தக் கணக்குதான் எனக்குப் பெருசு. ஏன்னா 70கள்லயும் 80கள்லயும் ஒரு பொண்ணு கூடைப்பந்தை மட்டும் நம்பி அமெரிக்காவுல பிழைக்க முடியாது. டபிள்யூ.என்.பி.ஏ. லீக் ஆரம்பிச்சதே 1997லதான்.

மூணாவது, கஷ்டத்தைத் தேடிப் போறது. பிராக்டிஸ்ல பசங்களைக் கூப்பிட்டு எதிர்ல நிறுத்துவாங்க. வருஷா வருஷம் நாட்டிலேயே பலமான டீம்களோட மேட்ச் போடுவாங்க. 1997ல பத்து மேட்ச் தோத்துட்டு, அப்புறம் தேசிய சாம்பியன் ஆனாங்க. அடுத்த வருஷம் 39 மேட்ச், 39 வெற்றி.

ஆனா கோப்பை உடனே வரல. 1974ல ஆரம்பிச்சவங்களுக்கு முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1987லதான் கிடைச்சுது. பதிமூணாவது சீசன். நடுவுல பல தடவை கடைசிச் சுற்று வரைக்கும் போய் திரும்பி வந்தாங்க. அந்தப் பதிமூணு வருஷம் பல்கலைக்கழகம் அவங்களை நம்பி விட்டுச்சு. அப்புறம் 1989, 1991, 1996, 97, 98, 2007, 2008. மொத்தம் எட்டு.

ஒரு கதை சொல்லாம போக முடியாது. 1990ல நிறைமாசமா இருக்கும்போது பென்சில்வேனியாவுக்கு மிஷெல் மார்சினியாக்ங்கிற பொண்ணைத் தன் டீமுக்கு அழைக்கப் போறாங்க. அங்கேயே பிரசவ வலி. விமானத்துல திரும்பும்போது விமானி வர்ஜீனியாவுல இறக்கிடலாமான்னு கேட்கிறார். முடியாதுன்னுட்டாங்க. குழந்தை டென்னசியிலதான் பிறக்கணும். அதுவும் அந்த வருஷம் தங்களைத் தோக்கடிச்ச வர்ஜீனியாவுலயா! மகன் டைலர் டென்னசியிலதான் பிறந்தார். மார்சினியாக் முதல்ல வேற காலேஜுக்குப் போயிட்டு, அப்புறம் டென்னசிக்கே வந்து, 1996 இறுதிச் சுற்றுல சிறந்த வீராங்கனை ஆனாங்க.

இதைக் கேட்டு சிரிக்கலாம். ஆனா பெண் கோச் ஒருத்தர் பிரசவத்துக்குப் பக்கத்துல கூட வேலையை நிறுத்த முடியல, நிறுத்தத் தோணல. இதுல எவ்வளவு வீரம், எவ்வளவு அழுத்தம்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கம்

2006ல சம்மிட்டோட சம்பளம் வருஷத்துக்கு பத்து லட்சம் டாலரைத் தாண்டுச்சு. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துல முதல் ஆள். மாசம் 250லேர்ந்து இங்க வரைக்கும்.

ஆனா காசு வந்ததும் இன்னொண்ணும் நடந்துச்சு. 1972க்கு முன்னாடி பெண்கள் காலேஜ் டீம்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல பெண்களே கோச். ஏன்னா சம்பளம் கிடையாது, யாருக்கும் அந்த வேலை வேண்டாம். சம்பளம் வந்ததும் ஆண்கள் வந்தாங்க. பெண் கோச்சுகள் பாதிக்கும் கீழ போயிட்டாங்க. ஆடுறவங்க கூடினாங்க, பயிற்சி கொடுக்கிற நாற்காலி கைமாறிடுச்சு.

நம்ம பக்கம்? சென்னையில ஹாரி பக் 1920லேயே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சுட்டார். ஆட்டம் நமக்குப் புதுசில்ல. சென்னைக்காரர் அனிதா பால்துரை 19 வயசுல இந்திய அணிக்கு கேப்டன். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடினவர். குழந்தை பிறந்தப்புறம் திரும்பி வந்து ஆடி, 2021ல பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் மாதிரி ஆடுறவங்களுக்கு இங்க வாழ்வாதாரம் ரயில்வே வேலை மாதிரி ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். தனி மனுஷங்க நமக்குக் குறைச்சல் இல்ல. காலேஜுக்குள்ள பதிமூணு வருஷம் பொறுமையா கட்டுற அமைப்புதான் குறைச்சல்.

பஸ் ஃபேக்டர்

எங்க வேலையில பஸ் ஃபேக்டர்னு ஒரு கணக்கு உண்டு. எத்தனை பேர் திடீர்னு இல்லாம போனா ப்ராஜெக்ட் நின்னுபோகும்? ஒண்ணுன்னா ஆபத்து.

2011 ஆகஸ்ட்ல, 59 வயசுல, தனக்கு அல்சைமர் ஆரம்ப நிலையில இருக்குன்னு சம்மிட் வெளிப்படையா அறிவிச்சாங்க. மறைக்கல. இன்னும் ஒரு சீசன் இருந்தாங்க. மேட்ச் நடக்கும்போது பெரும்பாலான பொறுப்பை உதவி கோச்சுகள் ஏத்துக்கிட்டாங்க. 2012 ஏப்ரல்ல பொறுப்பை ஹாலி வார்லிக்கிட்ட ஒப்படைச்சாங்க. வார்லிக் அவங்ககிட்டயே ஆடினவர், 27 வருஷம் உதவி கோச்சா இருந்தவர். 2016 ஜூன் 28 அன்னைக்கு சம்மிட் இறந்தாங்க. வயசு 64.

ப்ரோக்ராம் நின்னுடுச்சா? இல்ல. தேசியப் போட்டி 1982ல இப்போ இருக்கிற வடிவத்துல ஆரம்பிச்சதுலேர்ந்து 2025 வரை, போட்டி நடந்த ஒவ்வொரு வருஷமும் டென்னசி தகுதி பெற்றிருக்கு. ஆனா சாம்பியன் பட்டம் 2008க்கு அப்புறம் வரல. ஒரு ஆள் கட்டினது எவ்வளவு தூரம் தானா நிக்கும், எங்க அந்த ஆள் இல்லாம முடியாதுங்கிறது ரெண்டுமே இந்தக் கணக்குல தெரியுது. அதோட அவங்ககிட்ட ஆடின பல பேர் வேற வேற ஊர்ல கோச் ஆனாங்க. வார்லிக்குக்கு அப்புறம் டென்னசிக்கே வந்த கெல்லி ஹார்ப்பரும் அவங்க பழைய மாணவிதான்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. நீங்க படிச்ச, இல்ல இப்போ படிக்கிற காலேஜோட பி.டி. மிஸ்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. பெண்கள் டீம் எத்தனை இருக்கு? கோர்ட் அவங்களுக்கு எந்த நேரத்துல கிடைக்குது? மேட்சுக்குப் போக வண்டிச் செலவு யார் கொடுக்கிறாங்க? வில்லியனூர், பாகூர் பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா எழுதுங்க. பதில்களை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம். இன்னமும் மிஸ்ஸே காசு போட்டு வேன் பிடிக்கிறாங்கன்னா, அந்தக் கதையை முதல்ல சொல்லலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.