மூலமும் திரையும்: விவிலியக் கதைகளும் திரைப்படங்களும்

அலுவலகத்தில் ஒரு கடிதத்திற்கு நகல் எடுத்தால், அதனை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பு நோக்கி, 'உண்மை நகல்' என்று கையொப்பமிட்ட பின்னரே அது கோப்பில் ஏறும். இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் பழகிய நம் கண்கள், வீடு திரும்பிய பின்னும் அவ்வழக்கத்தை விடுவதில்லை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, நம் குடியிருப்பின் மாடிவீட்டில் வாழும் திருநெல்வேலிச் சீமைப் பெரியவர் ஒருவரின் இல்லத்தில், 'பத்துக் கட்டளைகள்' என்னும் ஆங்கிலப் படத்தைக் குழந்தைகளோடு அமர்ந்து கண்டோம். படம் முடிந்ததும், சற்றே திக்கிப் பேசும் நம் இளைய மகன், "மோசேயை விரும்பிய அந்த அரசி அப்புறம் என்ன ஆனாள், தாத்தா?" என்று பெரியவரைக் கேட்டான். "அப்படி ஒரு அரசியே வேதத்தில் கிடையாதே, தம்பி" என்றார் அவர். பையன் நம்பவில்லை. கண்ணால் கண்டதை இல்லையென்றால் எந்தக் குழந்தைதான் நம்பும்?

நாம் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவர் அல்லோம். ஆயினும் அன்றிரவே பெரியவரிடம் விவிலியத்தை இரவல் பெற்று வந்து, படத்தையும் நூலையும் ஒப்பு நோக்கத் தொடங்கினோம். அவ்வொப்பீட்டில் கண்டவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

திரையும் திருமறையும்

திரைக்கலைக்கும் விவிலியத்திற்கும் உள்ள உறவு, அக்கலையின் பிறப்போடு பிறந்ததாகும். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே இயேசுவின் பாடுகள் மௌனப் படங்களாக வந்துவிட்டன. அவ்வுறவு நம் நாட்டையும் தொட்டது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் பம்பாய்க் கொட்டகை ஒன்றில் 'கிறிஸ்துவின் வாழ்க்கை' என்னும் படத்தைக் கண்ட தாதாசாகேப் பால்கே, நம் இராமனையும் கண்ணனையும் இவ்வாறு திரையில் காணும் நாள் வாராதோ என்று ஏங்கினார். அவ்வேக்கத்தின் விளைவே 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. ஆகவே, மூலத்துக்குத் திரை எவ்வளவு உண்மையாய் நடக்கிறது என்னும் வினா, கிறிஸ்தவ அன்பர்களுக்கு மட்டும் உரியதன்று. தம் புராணத்தையும் இதிகாசத்தையும் திரையில் கண்டு வளர்ந்த நம் அனைவர்க்கும் உரியது.

விவிலியப் படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க இயக்குநர் செசில் பி. டெமில். 1923-இல் 'பத்துக் கட்டளைகள்' என்னும் பெயரிலேயே மௌனப் படம் ஒன்றை எடுத்தார். 1927-இல் இயேசுவின் வரலாற்றை 'அரசர்க்கு அரசர்' என்று படமாக்கினார். 1956-இல் மோசேயின் கதைக்கு மீண்டும் திரும்பி, வண்ணத்தில், ஏறத்தாழ 220 நிமிடம் ஓடும் பெரும் படமாக அதனை உருவாக்கினார். மோசேயாகச் சார்ல்டன் ஹெஸ்டனும், பார்வோனாக யுல் பிரின்னரும் நடித்தனர். நாம் கண்டது இப்படமே.

இரு வசனங்களுக்கு இடையே

யாத்திராகமத்தின் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 10-ஆம் வசனத்தில் மோசே, பார்வோனின் மகள் எடுத்து வளர்க்கும் பிள்ளை. 11-ஆம் வசனத்தில் அவர் வளர்ந்த மனிதராய்த் தம் இனத்தாரின் சுமையைக் காணப் புறப்படுகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு சொல்லும் இல்லை. அப்போது அவருக்கு ஏறக்குறைய 40 வயது என்பதைக்கூட, பிற்கால நூலாகிய அப்போஸ்தலருடைய நடபடிகளிலிருந்தே அறிகிறோம்.

ஒரு வசனத்தின் முற்றுப்புள்ளிக்குள் அடங்கிய அவ்வாண்டுகளே டெமில் படத்தின் முற்பாதியில் பெரும்பகுதி. மோசே எத்தியோப்பியாவை வென்று திரும்புகிறார், நகர் எழுப்புகிறார், இராமேசஸோடு அரியணைக்குப் போட்டியிடுகிறார், நெஃப்ரெத்திரி என்னும் இளவரசியால் விரும்பப்படுகிறார். இவற்றுள் எத்தியோப்பியப் போர், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிய செய்தி. வளர்ப்புத் தாய்க்குப் படம் சூட்டும் பித்தியாள் என்னும் பெயர், விவிலியத்திலேயே நாளாகமத்தில் காணப்படுவது. பார்வோனின் பெயரை யாத்திராகமம் சொல்லவே இல்லை. இராமேசஸ் என்பது படத்தார் தேர்ந்துகொண்டது. நெஃப்ரெத்திரியின் காதலோ முற்றிலும் புனைவு. படத்தின் தொடக்கத்தில், ஃபைலோ, யோசேபஸ் முதலிய பண்டை ஆசிரியர்களையும் திருமறையையும் ஆதாரமாகக் கொண்டதாக எழுத்துகள் ஓடுகின்றன. 20-ஆம் நூற்றாண்டு நாவல்களும் அவ்வாதாரங்களுள் உண்டு.

இங்ஙனம் மௌனத்தை நிரப்பியது பிழையா? பிழையென்று உடனே கூறத் தமிழராகிய நமக்கு உரிமையில்லை. வால்மீகியில் இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் செல்கிறான். கம்பனிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். இம்மாற்றத்தைப் போற்றியே வந்திருக்கிறோம். விவிலியக் கதையிலும் நமக்கு ஒரு சான்று உண்டு. நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. அவரையே 'வளன்' என்று பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். நிறைவேறிய ஆண்டு 1726. சூசையப்பரின் நாடும் நகரமும் அதில் தமிழ்க் காப்பிய மரபின்படி வருணிக்கப்படுகின்றன. அதனைப் பொய்ந்நகல் என்று எவரும் தள்ளுவதில்லை. வளனின் அடக்கமும் அறமும் அங்கே குன்றவில்லை அன்றோ!

எனவே, மௌனத்தை நிரப்பியதைக் கொண்டு ஒரு படத்தை அளப்பது முறையன்று. மூலம் வாய்திறந்து சொல்லிய இடத்தில் படம் என் செய்தது என்பதையே நோக்குதல் வேண்டும்.

மூலம் பேசிய இடங்கள்

பார்வோன் இஸ்ரவேலரை ஏன் விடவில்லை? யாத்திராகமம் இவ்வினாவைப் பன்முறை தொடுகிறது. சில இடங்களில் அவன் தன் நெஞ்சைத் தானே கடினமாக்கிக்கொண்டான் என்கிறது. சில இடங்களில் இறைவனே அவன் நெஞ்சைக் கடினப்படுத்தினான் என்கிறது. மனிதனின் பொறுப்பு எது, இறைவனின் செயல் எது என்று சமய அறிஞர் நெடுங்காலமாய் வாதிடும் முடிச்சு இது. அடிமைகள் புறப்பட்டுப் போன பின், பார்வோனும் அவன் ஊழியக்காரரும் மனம் மாறியதற்கு 14-ஆம் அதிகாரம் கூறும் காரணம் இன்னும் தெளிவானது: தமக்கு வேலை செய்த கூட்டத்தைக் கைவிட்டோமே என்று வருந்தினார்கள். கூலியில்லா உழைப்பை இழந்த ஓர் அரசின் கணக்கு அது.

படத்திலோ அவன் நெஞ்சைக் கடினமாக்குபவள் நெஃப்ரெத்திரி. மோசேயால் புறக்கணிக்கப்பட்டவள், கணவனை எள்ளி நகையாடித் தூண்டிவிடுகிறாள், அவன் தேரேறுகிறான். இறையியலின் முடிச்சும் அடிமை உழைப்பின் கணக்கும் மறைந்து, ஒரு பெண்ணின் ஆற்றாமை அவ்விடத்தில் அமர்ந்துவிட்டது. முற்பாதியில் மௌனத்தை நிரப்ப வந்த கற்பனைப் பாத்திரம், பிற்பாதியில் மூலத்தின் காரணத்தையே வெளியேற்றியது.

இரண்டாவது, பொற்கன்றுக்குட்டியின் நிகழ்ச்சி. 32-ஆம் அதிகாரத்தில் மோசே கற்பலகைகளை மலையடிவாரத்தில் உடைக்கிறார். கன்றுக்குட்டியைச் சுட்டெரித்துப் பொடியாக்கி நீரில் கலந்து மக்களைக் குடிக்கச் செய்கிறார். பிறகு லேவியரை அழைத்து, ஒவ்வொருவனும் தன் சகோதரனையும் நண்பனையும் அயலானையும் வெட்டும்படி பணிக்கிறார். அன்று மடிந்தோர் ஏறக்குறைய 3000 பேர் என்கிறது நூல். படிக்கும்போது நம் கை நடுங்கிற்று. திரையில் அவ்வாள்கள் இல்லை. மோசே பலகைகளைக் கன்றுக்குட்டியின்மீது வீசுகிறார், தீ எழுகிறது, பூமி பிளந்து தீயோரை விழுங்குகிறது. பூமி பிளந்தது விவிலியத்தில் உள்ள செய்தியே. ஆனால் அது எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தில், கோராகும் தாத்தானும் கலகம் செய்த வேறொரு வேளையில் நிகழ்ந்தது. மனிதர் கையால் நடந்ததை நிலத்தின்மேல் ஏற்றிவிட்டது படம். பார்ப்பவர் மனம் நோகாமல் வீடு திரும்புகின்றார்.

கடல் பிளந்த காட்சியும் அவ்வாறே. இரா முழுதும் வீசிய கீழ்க்காற்று கடலை ஒதுக்கிற்று என்கிறது மூலம். திரையில் அது சில நொடிகளில் முடிகிறது. அக்காட்சிக்காகப் பெரிதும் பேசப்பட்ட இப்படம், சிறப்புக் காட்சி உத்திகளுக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. இது கலையின் சுருக்கம், குறைகூற ஒன்றுமில்லை.

இம்மாற்றங்களுக்குக் காலமும் ஒரு காரணம். படத்தின் முன்னுரையில் டெமில் தாமே திரைச்சீலைக்கு முன் தோன்றி, மனிதன் கடவுளின் சட்டத்தால் ஆளப்படுவதா, சர்வாதிகாரியின் விருப்பத்தால் ஆளப்படுவதா என்பதே இக்கதையின் பொருள் என்று விளக்குகிறார். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரெதிரே நின்ற 1956-இல் அச்சொற்களின் இலக்கு எது என்பதை எவரும் அறிந்துகொள்வர். பழைய எகிப்தைக் காட்டிய திரையில், எடுத்தவரின் நாடும் காலமும் தெரிந்தன.

ஒன்றும் சேர்க்காத ஒருவர்

இதற்கு நேர்மாறாக 1964-இல் இத்தாலியில் ஒரு படம் வந்தது. எடுத்தவர் பியர் பாவ்லோ பசோலினி. மார்க்சியர், கடவுள் நம்பிக்கை அற்றவர். மத்தேயு எழுதிய நற்செய்தியை எடுத்துக்கொண்டு, உரையாடலுக்குத் தாமாக ஒன்றும் புனையாமல், அந்நூலின் சொற்களையே பாத்திரங்களின் வாயில் வைத்தார். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத எளியவர்களே பெரும்பாலும் நடித்தனர். இயேசுவாக வந்தவர் ஸ்பெயின் நாட்டு மாணவர் ஒருவர். முதுமைக் கால மரியாளாக வந்தவர் இயக்குநரின் தாயார். பாலஸ்தீனத்தைச் சென்று கண்டும் அது தமக்கு ஏற்றதன்று என்று கருதி, தென் இத்தாலியின் வறிய ஊர்களிலேயே கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். போப்பாண்டவர் 23-ஆம் யோவானின் நினைவுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும், கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசும் அதற்குக் கிட்டின.

பக்தியோடு எடுத்த டெமில், தம் 1927-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் மகதலேனா மரியாளைப் பகட்டான கணிகையாக்கி, யூதாஸை அவள் காதலனாக்கி, வரிக்குதிரைகள் பூட்டிய தேரில் ஏற்றி அனுப்பினார். நற்செய்தி நூல்களில் அவள் கணிகையென்னும் செய்தியே இல்லை. நம்பிக்கை அற்ற பசோலினியோ மத்தேயுவின் சொல்லுக்குள் அடங்கி நின்றார். முன்னவர் கதையைத் தம்முடையதென்று எண்ணியதால் உரிமையோடு திருத்தினார். பின்னவர் பிறர் பொருளைக் கையாள்பவர்போல் எச்சரிக்கையோடு நடந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் படமும் முழு நகலன்று என்பதை மறைக்கலாகாது. மத்தேயுவில் சில பகுதிகளை அவர் விட்டுவிட்டார். இயேசுவின் முகம் எவ்வாறிருந்தது என்று நற்செய்தி நூல்கள் எங்கும் கூறவில்லை. திரைக்கோ ஒரு முகம் இன்றியமையாதது. ஒரு முகத்தைக் காட்டிய அளவிலேயே திரை, மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுகிறது. ஆதலின் எந்தப் படத்தின் கீழும் 'உண்மை நகல்' என்று கையொப்பமிட எழுத்தனால் இயலாது. எங்கே சேர்த்தார்கள், எங்கே காரணத்தை மாற்றினார்கள் என்று ஓரக்குறிப்பு எழுதி வைக்கவே இயலும்.

நம் வீட்டில்

தலைநகரில் வாழும் நமக்கு இதில் என்ன கவலை என்று அன்பர்கள் வினவலாம். 1987-இல் தொலைக்காட்சியில் இந்தி இராமாயணம் தொடங்கியபோது நாம் சிறு பிள்ளை. ஞாயிறு காலையில் அதைக் கண்ட பின், பாட்டி கம்பனின் பாடல்களைச் சொல்லி, "நம்ம ஊரில் இதை இப்படிச் சொல்வார்கள்" என்று வேறுபாட்டைக் காட்டுவார். நமக்கு மூலம் பாட்டியின் வாயில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கோ பாட்டி ஊரில். பள்ளியில் தமிழ் இல்லை. இராமனும் மோசேயும் ஒரே பெட்டியிலிருந்து வருகிறார்கள். திரை விட்டுவிட்டதை எடுத்துச் சொல்ல ஆளில்லாவிடில், விடப்பட்டது என்றென்றைக்கும் போய்விடும்.

அப்படிப் போக இருந்த ஒன்றை நம் ஒப்பீட்டில் கண்டோம். யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தில், பார்வோனிடம் போ என்று இறைவன் பணித்தபோது, தாம் சொல்வன்மை அற்றவர், நாவு தடுமாறுபவர் என்று மோசே பின்வாங்குகிறார். மனிதனுக்கு வாயைக் கொடுத்தவர் யார் என்று இறைவன் கேட்கிறான். பேசுவதற்கு அண்ணன் ஆரோனைத் துணையாக அனுப்புகிறான். திரையில் ஹெஸ்டனின் குரல் இடிபோல் முழங்குகிறது. அக்குரலைக் கேட்டவர் மனத்தில் நாவு தடுமாறிய மோசேக்கு இடமில்லை.

அப்பகுதியை மறுநாள் இளைய மகனுக்குப் படித்துக் காட்டினோம். வகுப்பில் எழுந்து விடை சொல்ல அஞ்சும் பிள்ளை அவன். "அவருக்கும் என்னை மாதிரியா, அப்பா?" என்று கேட்டான். ஆம் என்றோம். புத்தகத்தை வாங்கி, தமிழ் எழுத்துகளை விரல்வைத்துக் கூட்டி, அவ்வசனத்தைத் தானே படித்தான். நேரம் ஆயிற்று, ஆனால் படித்து முடித்தான். நெஃப்ரெத்திரியைப் பற்றி அதன்பின் அவன் கேட்கவில்லை. இரவல் வாங்கிய விவிலியத்தைப் பெரியவரிடம் நாம் இன்னும் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.