நிரலை அளப்பதா, கணினியை அளப்பதா? சதுரங்க நிரல் சோதனையில் வன்பொருள் தேர்வின் வரலாறு

ஒரு சதுரங்க நிரல் வெல்லும்போது வென்றது நிரலா, அதை ஓட்டிய கணினியா? சோதனையாளர்கள் நாற்பது ஆண்டுகளாக விடை தேடும் கேள்வி இது. சோதனைக்கு ஏற்ற கணினி வேகமானதாக இருக்க வேண்டியதில்லை. மாறாத அளவுகோலாக இருந்தால் போதும் என்ற தெளிவு மெல்லத்தான் பிறந்தது.

சுவீடன் சதுரங்கக் கணினிச் சங்கம் 1984 முதல் தரப்பட்டியல் வெளியிட்டுவருகிறது. தொடக்கத்தில் நிரலும் செயலியும் ஒரே பெட்டிக்குள் அடைந்த தனிக் கருவிகளே சந்தையில் மேலோங்கி இருந்தன. சோதனையாளர் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்று காட்டும் நகர்த்தலை மற்றதன் பலகையில் கையால் வைப்பார். 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம் என்பதால், ஓர் ஆட்டத்திலேயே மாலைப் பொழுது கழிந்துவிடும்.

தனிநபர் கணினி பரவியதும் நிரல் பெட்டியிலிருந்து பிரிந்தது. அப்போதுதான் எந்தக் கணினியில் ஓட்டுவது என்ற கேள்வியே எழுந்தது. சங்கம் நிரலின் பெயரோடு கணினியின் பெயரையும் சேர்த்து அச்சிட்டது: பென்டியம் 90, பிறகு கே6-2 450, அதன்பின் ஆத்லான் 1200. கடைகளில் இன்னும் வேகமானவை வந்த பின்னும், ஒரே வகைக் கணினியைச் சில ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் பட்டியலுக்கு மதிப்பைத் தந்தது. எதிராளி யோசிக்கும் நேரத்திலும் நிரல் யோசிக்கும். ஒரே செயலியில் இரண்டு நிரல்களையும் ஓட்டினால் ஒன்றன் நேரத்தை மற்றது தின்றுவிடும். எனவே இரண்டு கணினிகள் தேவைப்பட்டன. கிறில்லி டோனிங்கர் எழுதிய ஆட்டோ232 மென்பொருள் அவற்றைத் தொடர்முனைக் கம்பியால் இணைத்து, கைவேலையை ஒழித்தது.

அடுத்த திருப்பம், சதுரங்க நிரல்களுக்குத் தரப்பட்டியல் வெளியிடும் சிசிஆர்எல் என்ற தன்னார்வலர் குழுவினுடையது. என் கணிப்பில் மிகப் பெரிய திருப்பமும் அதுவே. தன்னார்வலர்கள் எல்லோரிடமும் ஒரே கணினி இருக்க முடியாது. எனவே அவர்கள் நேரத்தை மாற்றினார்கள். ஆத்லான் 64 எக்ஸ்2 4600+ கணினியில் 40 நகர்த்தலுக்கு 40 நிமிடம் என்பது அப்போது அடிப்படையாக இருந்தது. கிராஃப்டி 19.17 நிரலை ஓட்டிப் பார்த்து, தன் கணினி இருமடங்கு வேகமானது என்று கண்டவர் 20 நிமிடம் வைப்பார். எதிராளியின் நேரத்தில் யோசிப்பதை நிறுத்திவைத்ததால், ஆளுக்கு ஒரு கணினி போதுமானது. இதில் ஒரு குறையும் உண்டு. கிராஃப்டியைக் கொண்டு கண்ட விகிதம் எல்லா நிரலுக்கும் பொருந்தாது. இன்றைய நரம்பியல் வலையமைப்பு நிரல்கள் பல ஏவிஎக்ஸ்2 என்ற செயலிக் கட்டளைகளை நம்பியிருப்பதால், அவை இல்லாத பழைய செயலியில் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தளர்கின்றன.

2017 இறுதியில் ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்கு எதிராக 100 ஆட்டங்களில் 28 வென்று, மீதி 72-ஐச் சமன் செய்தபோது இந்த அளவுகோலே ஆட்டம் கண்டது. ஆல்ஃபாஜீரோ, நரம்பியல் வலையமைப்புக் கணக்குகளுக்கான 4 டிபியூ செயலிகளில் ஓடியது. ஸ்டாக்ஃபிஷ் 64 இழைகளில் ஓடியும், அதன் நினைவு அட்டவணைக்கு 1 ஜிபிதான் கிடைத்தது. அதைக் கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 2018 ஆய்வேட்டில் ஸ்டாக்ஃபிஷுக்கு 44 உள்ளகங்களும் 32 ஜிபியும் தரப்பட்டன. ஆல்ஃபாஜீரோவே மீண்டும் வென்றது. ஆனாலும் வகையே வேறான இரு செயலிகளை எந்த விகிதத்தாலும் சமப்படுத்த முடியாது.

இந்தச் சிக்கல் எழாத வழியும் உண்டு. ஸ்டாக்ஃபிஷுக்காக 2013-இல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைத் தளம், அந்த நிரலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே கணினியில் மோதவிடுகிறது. ஒவ்வொரு தன்னார்வலரின் கணினியும் முதலில் தன் வேகத்தை அளந்துகொள்கிறது. மெதுவானதற்கு நேரம் நீட்டப்படுகிறது. ஆட்டத் திறனில் ஓரிரு எலோ புள்ளி வேறுபாட்டை உறுதிசெய்யப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். அதனால் இங்கே அதிவேகமான ஓர் உள்ளகத்தைவிட, நடுத்தர வேகமுள்ள பல உள்ளகங்களே பயன் தருகின்றன.